லினக்ஸ் கணிப்பொறிகளில் நெட்வொர்க் கோப்பகங்களைத் தாமாக இணையச் செய்யும் முறை

ஆய்வுக்கூடத்திலோ பள்ளியிலோ கணிப்பொறிகள் பல ஒருங்கே இயங்குமிடத்து, அவற்றில் எழுதப்படும் குறிப்புக்கள் யாவும் ஓரிடத்தில் வந்து சேர்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு கணிப்பொறியும் தன் தட்டில் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளுமாயின், எந்தப் பிரதி கடைசியாகத் திருத்தப்பட்டது என்பதை அறிதல் அரிது. ஒரு தட்டுப் பழுதுற்றால் அதிலிருந்தவை அனைத்தும் அழிந்துபோம்.

மாவட்ட மண் பரிசோதனை நிலையம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். மண் வள அட்டைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதிரிக்கும் 12 அளவுகள் கண்டறியப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம் ஆகிய நான்கும், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய நுண்சத்துக்கள் ஐந்தும், கார அமில நிலை, மின் கடத்துதிறன், அங்ககக் கரிமம் ஆகிய மூன்றும் அவையாம். இவற்றை அளப்போர் வெவ்வேறு மேசைகளில் அமர்ந்திருப்பர். அட்டையை அச்சிடும் கணிப்பொறியோ மற்றோர் அறையில் இருக்கும். ஒரு மேசையில் எழுதிய எண் அச்சிடும் இடத்தை அடையாவிடில், குடியானவர் கைக்குக் குறையுள்ள அட்டை போய்ச் சேரும். அதை நம்பி அவர் உரம் இடுவார். ஆகவே, கோப்புக்கள் ஓரிடத்தில் சேர்வதை உறுதிசெய்வது கணிப்பொறி அறையோடு முடிந்துவிடும் காரியமன்று.

இக்கட்டுரையில் லினக்ஸ் இயக்கத்தொகுதியைக் கொண்ட கணிப்பொறிகளில், சர்வரிலுள்ள கோப்பகத்தைத் தானாக இணையச் செய்யும் மூன்று முறைகளும், அவற்றில் நேரக்கூடிய பிழைகளும் விளக்கப்படுகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் தொகுப்பு டெபியனை அடிப்படையாகக் கொண்டதாதலின், இங்குக் கூறப்படுவன அதற்கும் பொருந்தும். தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ள ஆணைப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் கணிப்பொறியில் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் தட்டுதல் வேண்டும்.

1. நெட்வொர்க் கோப்பு முறை

ஒரு கணிப்பொறியின் தட்டிலுள்ள கோப்பகத்தை மற்றொரு கணிப்பொறி தன்னுடையது போலவே கையாள உதவும் ஏற்பாட்டிற்கு நெட்வொர்க் கோப்பு முறை என்று பெயர். இதன் சுருக்கப் பெயர் 'என்எஃப்எஸ்'. அமெரிக்காவிலிருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். இதன் மூன்றாம் பதிப்பின் விவரம் 1995-லும், நான்காம் பதிப்பின் விவரம் 2000-லும் வெளியாயின. நான்காம் பதிப்பு 2049 என்னும் ஒரே வாயில் வழியாக இயங்குவதால், தடுப்புச் சுவர் அமைக்கப்பட்ட நெட்வொர்க்குகளில் அதனை அனுமதிப்பது எளிது. புதிதாக அமைப்போர் நான்காம் பதிப்பையே கொள்ளுதல் நலம்.

லினக்ஸில் கோப்புக்கள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளாக அமைந்துள்ளன. அம்மரத்தின் வேர் ஒரு சாய்கோட்டினால் குறிக்கப்படும். புதிய தட்டு ஒன்றையோ, வேறொரு கணிப்பொறியின் கோப்பகத்தையோ இம்மரத்தின் ஓரிடத்தில் ஒட்டுக்கிளை போலப் பொருத்துவதையே 'மவுண்ட்' செய்தல், அதாவது இணைத்தல் என்பர். எந்த வெற்று அடைவின்மேல் பொருத்துகிறோமோ அது இணைப்பிடம் எனப்படும். இணைத்த பின்னர் அவ்வடைவினுள் நுழைபவர், தாம் அறியாமலே சர்வரின் கோப்பகத்தினுள் நுழைகிறார். இணைப்பு நீங்கின் பழைய வெற்று அடைவே மீண்டும் தென்படும். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் விவரிக்கப்படும் பெரும் இழப்பு ஒன்று இதனின்றே விளைகின்றது.

2. சர்வரில் செய்யவேண்டியவை

நம் உதாரண நிலையத்தில் சர்வரின் முகவரி 192.168.1.10 என்றும், பகிரவேண்டிய கோப்பகம் /எஸ்ஆர்வி/டேட்டா என்றும் கொள்வோம். டெபியன் வகையில் சர்வருக்கு 'என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்' என்னும் தொகுப்பையும், மேசைக் கணிப்பொறிகளுக்கு 'என்எஃப்எஸ்-காமன்' என்னும் தொகுப்பையும் நிறுவவேண்டும்.

எந்தக் கோப்பகத்தை யாருக்குத் தருவது என்பதைச் சர்வரின் /ஈடிசி/எக்ஸ்போர்ட்ஸ் என்னும் கோப்பில் எழுதவேண்டும். அதிலுள்ள வரி பின்வருமாறு அமையும்:

/எஸ்ஆர்வி/டேட்டா 192.168.1.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்)

முதற்பகுதி கோப்பகத்தின் பெயர். இரண்டாம் பகுதி அனுமதிபெறும் கணிப்பொறிகளின் முகவரி வரிசை. பிறைக்குறிக்குள் இருப்பவை நிபந்தனைகள். 'ஆர்டபிள்யூ' என்பது படிக்கவும் எழுதவும் அனுமதி தருவது. 'சிங்க்' என்பது எழுதப்பட்டவை தட்டில் பதிந்த பின்னரே சர்வர் விடை கூறவேண்டும் எனக் கட்டளையிடுவது. இதற்கு மாறாக 'அசிங்க்' என எழுதினால், தட்டில் பதியுமுன்னரே "எழுதியாயிற்று" எனச் சர்வர் விடை கூறிவிடும். வேகம் கூடும், ஆனால் அவ்வேளையில் மின்சாரம் நின்றால், எழுதியதாக நம்பப்பட்டவை இல்லாமற் போம். மின்தடை மிகுந்த இடங்களில் 'அசிங்க்' நிபந்தனையை ஒருபோதும் கொள்ளலாகாது.

இவ்வரியில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. முகவரிக்கும் பிறைக்குறிக்கும் இடையே இடைவெளி இருத்தல் கூடாது. இடைவெளி விழுந்துவிட்டால் சர்வர் அதனை வேறு விதமாகப் பொருள்கொள்ளும்: குறிப்பிட்ட முகவரிகளுக்கு வழக்கமான நிபந்தனைகளும், உலகிலுள்ள பிற கணிப்பொறிகள் அனைத்திற்கும் எழுதும் அனுமதியும் வழங்கப்பட்டதாகிவிடும். ஒரு வெற்றிடம் கதவைத் திறந்துபோடுகின்றது. வரியை எழுதியபின் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' என்னும் ஆணையால் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்து, 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி' என்னும் ஆணையால் யார்யாருக்கு என்ன அனுமதி தரப்பட்டுள்ளது என்பதைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு செய்தி ஆட்களைப் பற்றியது. வழக்கமான பாதுகாப்பு முறையில் மேசைக் கணிப்பொறி சர்வருக்கு அனுப்புவது பயன்படுத்துவோரின் பெயரையன்று, அவருக்குரிய எண்ணையே. முதல் மேசையில் 1001 என்னும் எண் வேதியியல் உதவியாளருக்கும், இரண்டாம் மேசையில் அதே எண் எழுத்தருக்கும் தரப்பட்டிருப்பின், சர்வரின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. ஆதலின் எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் அமையுமாறு முதலிலேயே பதிவேடு ஒன்று வைத்து நிர்ணயித்தல் வேண்டும். 'ரூட்' எனப்படும் தலைமைக் கணக்கிற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதன் எண் 0. அவ்வெண்ணுடன் வரும் கோரிக்கையைச் சர்வர் வழக்கமாக அதிகாரமற்ற ஓர் எண்ணுக்கு மாற்றிவிடும். தலைமைக் கணக்கிலிருந்து எழுத முயன்று "அனுமதி இல்லை" என்னும் விடை வந்தால் வியப்படைய வேண்டுவதில்லை.

3. முதலில் கையால் இணைத்துப் பார்த்தல்

தானாக இணையும் ஏற்பாட்டைத் தொடங்குமுன் கையால் ஒருமுறை இணைத்துப் பார்ப்பது அறிவுடைமை. கையால் இணையாதது தானாகவும் இணையாது. மேசைக் கணிப்பொறியில் /எம்என்டி/டேட்டா என்னும் வெற்று அடைவை உண்டாக்கி, 'மவுண்ட் -டி என்எஃப்எஸ்4' என்னும் ஆணையைத் தொடர்ந்து, சர்வர் முகவரி, முக்காற்புள்ளி, கோப்பகத்தின் பெயர் ஆகியவற்றை இடைவெளியின்றியும், பின்னர் ஓர் இடைவெளி விட்டு இணைப்பிடத்தையும் எழுதவேண்டும். இணைந்ததா என்பதை 'ஃபைண்ட்எம்என்டி' என்னும் ஆணை தெரிவிக்கும். ஒரு சிறு கோப்பை எழுதி, சர்வரில் அது தோன்றுகிறதா என்று நேரில் பார்த்தலும் வேண்டும். இணைப்பை நீக்கும் ஆணையின் பெயரில் தொடக்க 'யு' எழுத்திற்குப் பின் 'என்' எழுத்து இல்லை. அது 'யுமவுண்ட்' என்றே எழுதப்படும்.

4. முதல் முறை: தொடக்கத்திலேயே இணைத்தல்

கணிப்பொறி தொடங்கும்போது எவற்றையெல்லாம் இணைக்கவேண்டும் என்பது /ஈடிசி/எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் பட்டியலாக உள்ளது. ஒவ்வொரு வரியும் ஆறு பகுதிகளைக் கொண்டது. நம் உதாரணத்திற்கு அவை பின்வருவன:

(1) இணைக்கப்படுவது: 192.168.1.10:/எஸ்ஆர்வி/டேட்டா
(2) இணைப்பிடம்: /எம்என்டி/டேட்டா
(3) வகை: என்எஃப்எஸ்4
(4) நிபந்தனைகள்: டிஃபால்ட்ஸ், _நெட்டெவ், நோஃபெயில், இவற்றை இடைவெளியின்றிக் காற்புள்ளியால் பிரித்து எழுதவேண்டும்.
(5) பழைய காப்புப்பிரதி ஆணைக்குரிய எண்: 0
(6) தொடக்கத்தில் தட்டைச் சோதிக்கும் வரிசை எண்: 0. நெட்வொர்க் கோப்பகத்தை மேசைக் கணிப்பொறி சோதிக்க இயலாதாகையால் இது எப்போதும் 0 ஆகும்.

'_நெட்டெவ்' என்னும் நிபந்தனை, இது நெட்வொர்க்கைச் சார்ந்தது, நெட்வொர்க் எழும்பிய பின்னரே இணைக்கவேண்டும் எனக் கூறுவது. 'நோஃபெயில்' என்பது, இணையாவிட்டாலும் தொடக்கத்தை நிறுத்தவேண்டா எனக் கூறுவது. எழுதியபின் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' என்னும் ஆணையால் எழுத்துப் பிழைகளைச் சோதித்து, 'மவுண்ட் -ஏ' என்னும் ஆணையால் பட்டியல் முழுவதையும் இணைத்துப் பார்க்கலாம். சோதிக்காமல் கணிப்பொறியை மறுமுறை தொடங்குதல் தகாது.

இம்முறை எளியது, எனினும் இதில் ஒரு குறை உண்டு. மின்தடைக்குப் பின் எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே கணத்தில் விழித்தெழுகின்றன. மேசைக் கணிப்பொறிகள் விரைவில் தொடங்கிவிடும். பெரிய தட்டுக்களைச் சரிபார்க்கும் சர்வரோ தாமதிக்கும். 'நோஃபெயில்' இல்லாவிடின் மேசைக் கணிப்பொறி வழக்கமாக 90 விநாடி வரையில் காத்து நிற்கும். அதுவரை பெயர் கொடுத்து உள்நுழைய முடியாது. 'நோஃபெயில்' இருப்பின் காத்திராமல் தொடங்கிவிடும்; ஆயின் கோப்பகம் இணையாமலே இருக்கும். ஒருமுறை முயன்று தோற்றபின், சர்வர் எழுந்துவிட்டதை அறிந்து மீண்டும் முயல்வார் எவருமில்லை. இக்குறையை நீக்கவே அடுத்த இரு முறைகளும் ஏற்பட்டன.

5. இரண்டாம் முறை: தேவை ஏற்படும்போது இணைத்தல்

இதன் தத்துவம் எளிதில் விளங்கும். தொடக்கத்தில் இணைப்பிடத்தின்மேல் உண்மையான கோப்பகத்திற்குப் பதிலாக ஒரு காவலன் நிறுத்தப்படுகிறான். லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலில் 'ஆட்டோஎஃப்எஸ்' என்னும் பகுதியே இக்காவலன். எவரேனும் அவ்விடத்தினுள் நுழைய முற்பட்டால், காவலன் அவரைச் சிறிது நிறுத்தி வைத்து, இணைக்கும் பணியைச் செய்யும் நிரலுக்குச் செய்தி அனுப்புகிறான். அந்நிரல் சர்வருடன் தொடர்புகொண்டு கோப்பகத்தை இணைக்கின்றது. பின்னர் நிறுத்தப்பட்டவர் உள்ளே விடப்படுகிறார். பயன்படுத்துவோர் காண்பது ஒரு சிறு தாமதம் மட்டுமே. குறித்த நேரம் வரையில் எவரும் தொடாதிருந்தால் இணைப்புத் தானே நீக்கப்படும். காவலன் மட்டும் எஞ்சி நிற்பான்.

இக்கால லினக்ஸ் தொகுப்புக்கள் பெரும்பாலானவற்றில் தொடக்கப் பணிகளை நிர்வகிக்கும் 'சிஸ்டம்டி' என்னும் நிரல், இவ்வசதியை எஃப்எஸ்டேப் கோப்பின் வழியாகவே தருகின்றது. மேற்கூறிய வரியின் நான்காம் பகுதியில் இரு நிபந்தனைகளைச் சேர்த்தல் போதும். முதலாவது 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்'. இரண்டாவது 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=300'. முன்னது காவலனை நிறுத்துவது. பின்னது 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம், எவரும் தொடாதிருந்தால் இணைப்பை நீக்கச் சொல்வது.

கோப்பைத் திருத்தியபின் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' என்னும் ஆணையைத் தரவேண்டும். இன்றேல் சிஸ்டம்டி பழைய பட்டியலையே கருதிக்கொண்டிருக்கும். கையால் இணைத்திருந்ததை நீக்கிவிட்டு, 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' என்னும் ஆணையைத் தொடர்ந்து காவலனின் பெயரை எழுதவேண்டும். இப்பெயர் இணைப்பிடத்தின் பெயரிலிருந்தே பெறப்படும்: முதற் சாய்கோட்டை விட்டுவிட்டு, இடையிலுள்ள சாய்கோட்டைச் சிறு கோடாக மாற்றினால் 'எம்என்டி-டேட்டா.ஆட்டோமவுண்ட்' எனக் கிடைக்கும்.

6. மூன்றாம் முறை: ஆட்டோஎஃப்எஸ் நிரல்

கோப்பகங்கள் பல இருப்பின், அல்லது ஆளுக்கொரு கோப்பகம் தரவேண்டியிருப்பின், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுவது சிரமம். அவ்விடத்து 'ஆட்டோஎஃப்எஸ்' என்னும் தனித் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். கெர்னலில் உள்ள காவலனும் இந்நிரலும் ஒரே பெயர் கொண்டவை, குழப்பமுறலாகாது.

இதற்கு இரு கோப்புக்கள் தேவை. தலைமைப் பட்டியல் /ஈடிசி/ஆட்டோ.மாஸ்டர் என்னும் கோப்பு. அதில் ஒரு வரி மூன்று செய்திகளைக் கூறும்: எந்த அடைவின்கீழ் இணைக்கவேண்டும், அதன் விவரம் எந்தக் கிளைப் பட்டியலில் உள்ளது, எத்தனை விநாடிக்குப் பின் நீக்கவேண்டும். கிளைப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் உள் அடைவின் பெயர், நிபந்தனைகள், சர்வர் முகவரியும் கோப்பகமும் என மூன்று பகுதிகளைக் கொண்டது.

பள்ளிகளுக்கு மிகப் பயன்படும் வசதி ஒன்று இதில் உண்டு. கிளைப் பட்டியலில் உள் அடைவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் உடுக்குறியையும், சர்வர் கோப்பகத்தின் இறுதியில் '&' என்னும் குறியையும் இட்டால், எப்பெயர் கேட்கப்படுகிறதோ அப்பெயரே அவ்விடத்தில் நிரப்பப்படும். ஆகவே, 200 மாணவர் இருப்பினும் ஒரே வரி போதும். எம்மாணவன் எக்கணிப்பொறியின்முன் அமர்ந்தாலும் அவனுடைய கோப்பகம் அவனுக்கு வந்து சேரும். ஆயின், /ஹோம் என்னும் அடைவையே இந்நிரலின் பொறுப்பில் விட்டால், அக்கணிப்பொறியிலேயே முன்னர் இருந்த சொந்தக் கோப்பகங்கள் மறைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அவை அழிவதில்லை, மூடப்படுகின்றன.

இம்முறையில் புதியோரை மயக்கும் தோற்றம் ஒன்றுண்டு. தலைமை அடைவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றலாம். பெயர் சொல்லி அழைத்தாலன்றி உள் அடைவு தோன்றுவதில்லை. முழுப் பெயரையும் தட்டி நுழைந்தால் அது உடனே இணையும். எப்போதும் பெயர்கள் தெரியவேண்டுமாயின், தலைமைப் பட்டியலின் வரியில் '--கோஸ்ட்' என்னும் நிபந்தனையைச் சேர்க்கலாம்.

7. எம்முறை எவ்விடத்திற்கு ஏற்றது?

சர்வரும் மேசைக் கணிப்பொறிகளும் நிறுத்தாமல் இயங்கும் இடத்தில் முதல் முறை போதும். ஒன்றிரண்டு கோப்பகங்களே உள்ள, மின்தடை நேரக்கூடிய கள நிலையங்களுக்கு இரண்டாம் முறையே ஏற்றது. புதிய தொகுப்பு எதையும் நிறுவ வேண்டுவதில்லை. மாணவர் பலருக்குத் தனித்தனிக் கோப்பகம் தரும் பள்ளிகளுக்கு மூன்றாம் முறை தக்கது. ஒரே இணைப்பிடத்தை இரு முறைகளின் பொறுப்பிலும் விடுதல் கூடாது.

8. வன்பிணைப்பும் மென்பிணைப்பும்

வேலை நடக்கும்போதே சர்வர் நின்றுவிட்டால் நிகழ்வது யாது? இதற்கு இருவித நிபந்தனைகள் உள்ளன. 'ஹார்ட்' என்னும் வன்பிணைப்பில், சர்வர் மீளும் வரையில் மேசைக் கணிப்பொறி ஓயாமல் முயன்றுகொண்டேயிருக்கும். எழுதிக்கொண்டிருந்த நிரல் அப்படியே உறைந்து நிற்கும். சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'சாஃப்ட்' என்னும் மென்பிணைப்பில், குறித்த தடவைகள் முயன்றபின் "பிழை" என்னும் விடை நிரலுக்குத் தரப்படும். ஒவ்வொரு முயற்சிக்கும் உரிய காலத்தை 'டைமியோ' என்னும் நிபந்தனை குறிக்கும். அதன் அலகு விநாடியன்று, விநாடியின் பத்தில் ஒரு பங்கு. வழக்கமான மதிப்பாகிய 600 என்பது 60 விநாடியைக் குறிக்கும்.

உறைந்து நிற்கும் திரையைக் கண்டு பொறுமையிழப்போர் மென்பிணைப்பை நாடுவர். இது ஆபத்தானது. பிழை விடையைச் சரியாகக் கவனிக்காத நிரல்கள் பல உள்ளன. அவை பாதி எழுதிய கோப்பை முழுமையானதெனக் கருதி மேற்செல்லும். நம் நிலையத்தில் 40 மாதிரிகளின் அளவுகளை எழுதுகையில் இருபதாவதில் சர்வர் நின்றால், மிகுதி இருபதும் எழுதப்படாமலே அலுவலகம் மூடப்படலாம். வன்பிணைப்பில் வேலை தாமதமாகும். மென்பிணைப்பில் வேலை கெடும். எழுதும் கோப்பகங்களுக்கு வன்பிணைப்பே விதி. வழக்கமான நிபந்தனையும் அதுவே. படிக்க மட்டும் பயன்படும் கோப்பகங்களுக்கு வேண்டுமாயின் மென்பிணைப்பைக் கொள்ளலாம்.

9. வெற்று அடைவு என்னும் கண்ணி

இனிக் கூறப்படுவது இக்கட்டுரையின் தலையாய எச்சரிக்கை. முதல் முறையில் 'நோஃபெயில்' நிபந்தனையுடன் தொடங்கிய கணிப்பொறியில் இணைப்பு ஏற்படவில்லை என்று கொள்வோம். இணைப்பிடம் வெற்று அடைவாக அங்கேயே இருக்கின்றது. ஒவ்வோர் இரவும் குறிப்பேடுகளைச் சர்வருக்குப் பிரதி எடுக்கும் நிரல் வழக்கம்போல் இயங்கி, அவ்வடைவினுள் எழுதுகின்றது. பிழை ஏதும் தோன்றாது. பிரதி எடுக்கப்பட்டதென்றே பதிவாகும். உண்மையில் அசலும் பிரதியும் ஒரே கணிப்பொறியில், பெரும்பாலும் ஒரே தட்டில், கிடக்கின்றன. அத்தட்டுப் பழுதாகும் நாளில்தான் சர்வரில் ஒன்றுமில்லை என்பது தெரியவரும். மறுநாள் இணைப்பு ஏற்பட்டாலோ, முந்திய இரவு எழுதியவை சர்வரின் கோப்பகத்தால் மூடப்பட்டுக் கண்ணுக்கு மறைந்துவிடும். தட்டு மட்டும் காரணம் தெரியாமல் நிரம்பிக்கொண்டே போகும்.

இதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, இரண்டாம் முறையையோ மூன்றாம் முறையையோ மேற்கொள்ளுதல். காவலன் நிற்கும் வரையில் வெற்று அடைவை எவரும் தொட இயலாது. சர்வர் இல்லையேல் பிழை விடையே வரும். இரண்டாவது, இணைப்பு இல்லாத வேளையில் 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' என்னும் ஆணையால் வெற்று அடைவை மாற்றமுடியாததாக்குதல். அதன் பின்னர்த் தலைமைக் கணக்கிலிருந்தும் அதில் எழுத முடியாது. அதன்மேல் இணைப்பதற்கோ தடையில்லை. மூன்றாவது, சர்வரின் கோப்பகத்தினுள் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணிற் பட்டாலன்றிப் பிரதி எடுக்கலாகாது என நிரலில் விதித்தல். மூன்றையும் ஒருங்கே கைக்கொள்ளலாம், செலவு ஏதுமில்லை.

10. பழுதுகளும் காரணங்களும்

"அணுக அனுமதி இல்லை, சர்வர் மறுத்தது" என்னும் செய்தி இணைக்கும்போதே வருமாயின், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அக்கணிப்பொறியின் முகவரி அடங்கியுள்ளதா எனப் பார்க்கவேண்டும். இணைந்தபின் கோப்பை எழுதும்போது மறுப்பு வருமாயின், ஆள் எண்ணையும் கோப்பகத்தின் உரிமையையும் பார்க்கவேண்டும்.

இணைக்கும் ஆணை விடையேதுமின்றி நின்றால், சர்வர் இயங்குகிறதா, 2049 வாயில் தடுப்புச் சுவரில் திறந்துள்ளதா என நோக்கவேண்டும்.

"பழைய கோப்புக் கைப்பிடி" என்னும் பொருள்படும் செய்தி, சர்வரில் அக்கோப்பகம் நீக்கப்பட்டு மீண்டும் உண்டாக்கப்பட்டதை அல்லது தட்டு மாற்றப்பட்டதைக் காட்டும். இணைப்பை நீக்கி மறுபடி இணைத்தலே பரிகாரம்.

"சாதனம் உபயோகத்தில் உள்ளது" என இணைப்பை நீக்கும்போது வருமாயின், எந்த நிரலோ அவ்விடத்தில் நின்றுகொண்டிருக்கின்றது. 'ஃப்யூசர் -விஎம்' என்னும் ஆணை அதனைக் காட்டும். பல வேளைகளில் அது ஆணையிடுபவரின் சொந்தத் திரையே. அவர் அவ்வடைவினின்று வெளியேறினால் போதும்.

கோப்பின் நேரம் முன்பின்னாகத் தோன்றினால் கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்பது பொருள். எல்லாவற்றையும் ஒரே நேரச் சர்வருடன் இசைவித்தல் வேண்டும்.

11. ஆசிரியர்களுக்குச் சில பயிற்சிகள்

இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இரு கணிப்பொறிகளும் ஒரு வலைக் கம்பியும் கொண்டு பின்வரும் சோதனைகளைச் செய்து காட்டலாம். முக்கியக் கோப்புக்கள் உள்ள சர்வரில் இவற்றைச் செய்தல் கூடாது.

முதற் சோதனை: இரண்டாம் முறைப்படி காவலனை நிறுத்தி, 'ஃபைண்ட்எம்என்டி' ஆணையின் விடையை மாணவர் குறித்துக்கொள்ளட்டும், வகை 'ஆட்டோஎஃப்எஸ்' என இருக்கும். பின்னர் அடைவினுள் நுழைந்து, மீண்டும் அவ்வாணையைத் தரவேண்டும். 'என்எஃப்எஸ்4' என்னும் வரியும் சேர்ந்திருக்கும். காவலனுக்கும் உண்மையான இணைப்புக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

இரண்டாம் சோதனை: வன்பிணைப்பில் பெரிய கோப்பொன்றைப் பிரதி எடுக்கையில் கம்பியைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகவேண்டும். வேலை நின்று தொடர்வதையும், இரு கோப்புக்களும் ஒத்திருப்பதையும் 'எஸ்ஹெச்ஏ256சம்' ஆணையால் மாணவர் ஒப்பிட்டறியலாம்.

மூன்றாம் சோதனை: இணைப்பில்லாத வெற்று அடைவில் ஒரு கோப்பை எழுதி, பின்னர் அதன்மேல் இணைத்து, கோப்பு மறைவதைக் காட்டவேண்டும். இணைப்பை நீக்கியதும் அது மீண்டும் தோன்றும். வெற்று அடைவைப் பற்றிய எச்சரிக்கையைப் பலமுறை சொல்வதினும் இதனை ஒருமுறை காட்டுதல் நன்கு பதியும்.

களப் பணியாளர் தம் நிலையத்தில் இவ்வேற்பாட்டை அமைத்தபின், சர்வர் முகவரி, கோப்பகம், இணைப்பிடம், மேற்கொண்ட முறை, ஆள் எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சர்வரின் அருகே ஒட்டிவைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்த்தலும் கடமையாகும். திறந்து படிக்கப்பட்ட பிரதியே பிரதி எனக் கொள்ளத்தக்கது.